கழற்றி வைத்த வயர்

லாரி மெக்கானிக்கின் சின்ன மகள் தன் கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாக வாங்கவில்லை. பாகம் பாகமாகத் தேடிப் பிடித்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, இரண்டு நாள் வீட்டில் யாரையும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட விடாமல் தானே பூட்டினாள். பெட்டி ஒரு கம்பெனி, விசிறி ஒரு கம்பெனி, உள்ளே இருப்பதெல்லாம் வேறு வேறு கம்பெனி என்பதால் மூத்த மாப்பிள்ளை அதற்குக் ‘கதம்பம்’ என்று பேர் வைத்தார். அவர் வைத்தது கேலிக்கு. மெக்கானிக் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். முப்பது வருஷமாக எஞ்சினோடு குப்பை கொட்டுகிற மனிதர், மகள் கம்ப்யூட்டர் கட்டிய கதையைப் பீற்றிக்கொள்ளாத வாரமே கிடையாது. ஆயில் மாற்ற வந்த டிரைவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும்.

அப்பேர்ப்பட்ட கதம்பம் மூன்று வருஷம் கழித்து, சரியான நேரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. சின்னவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். பூச்சிகளைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு அறுபத்திரண்டு படங்கள் முடித்திருந்தாள், இன்னும் இரண்டு பாக்கி. வியாழக்கிழமை எல்லாம் போய்ச் சேர வேண்டும். இந்த லட்சணத்தில், வண்டுக்கு ஒரு கால் வரைந்தால் அந்தக் கால் திரையில் வருவதற்கு அரை நிமிஷம் ஆனது. நடு நடுவே யாரும் கேட்காத விளம்பரம் வேறு குதித்து வந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"மொத்தமா துடைச்சுட்டுப் புதுசா போடப்போறேன்பா."

"எதை?"

"கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டத்தை. பழசு ஒண்ணு விடாம அழிச்சுட்டு, முதல்ல இருந்து."

மெக்கானிக்குக்கு மனசு ஒப்பவில்லை. கோளாறு எங்கே என்று காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடிப்பதில்தான் அவருக்குப் பேரே இருக்கிறது. "ஒரு போல்ட் லூசா இருக்குன்னு வண்டியையே உருக்குவாங்களா?" என்றார்.

"இது போல்ட் இல்லப்பா, மூணு வருஷ அழுக்கு. எந்த மூலையில ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தேடுற நேரத்துல புதுசாவே போட்டுடலாம்."

"படமெல்லாம்?"

"அது தனி டிஸ்க்ல இருக்கு. அதைத் தொட மாட்டேன். முதல் இருபது படத்துக்கு நகல் இருக்கு. மிச்சத்தை எடுத்து வைக்காம விட்டது என் சோம்பேறித்தனம். இப்ப எடுக்கலாம்னா பாதியில நின்னு போகுது." சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. நாற்பத்திரண்டு பூச்சி, நாலு மாச உழைப்பு.

அன்றைக்கென்று மூத்த மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் முந்நூறு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவர், கரைத்துக் குடித்தவர். "எதுக்கு இந்த வம்பு? தெரிஞ்ச கடை இருக்கு, குடுத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் மூழ்கினார்.

சின்னவள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக்குக்கு போன் வந்தது. எவனோ ஒரு டிரைவர் பாதி வழியில் நின்றுவிட்டானாம். வாசலுக்குப் போய், எந்தக் குழாயைத் தட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று கால் மணி நேரம் சொல்லிவிட்டு உள்ளே வந்தால், மகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருந்தாள். "உள்ள வேலை முடிஞ்சுதுப்பா. இனிமே ஸ்விட்ச் போட வேண்டியதுதான்" என்றாள். அதற்குள் வெளியே தூறல் போட, மாடியில் காயும் துணி ஞாபகம் வந்து ஒரே ஓட்டமாக ஓடினாள்.

மெக்கானிக் திறந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வயர்களை எல்லாம் கட்டுக் கட்டாக, ஒன்றோடொன்று உரசாமல் ஓரமாகக் கொண்டுபோயிருந்தாள். பட்டறையில் பத்து வருஷம் இருந்தவர்களுக்குக்கூட இந்தக் கை வராது என்று அவருக்குப் பூரிப்பாக இருந்தது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு சிவப்பு வயர், முனை எதிலும் சேராமல், அந்தரத்தில் தொங்கியது.

தொங்குகிற வயரோடு எந்த வண்டியும் அவர் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. அவர் யோசிக்கவே இல்லை, கை துறுதுறுத்தது. எதிரில் அதே அளவில் ஒரு பொருத்து இருந்தது. ஒரே வாக்கில் பிடித்தால்தான் உள்ளே போனது, ‘டிக்’ என்று உட்கார்ந்தது. மூன்று நாள் தூக்கமில்லாத பிள்ளை, அவசரத்தில் விட்டுவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார். மகள் துணிமூட்டையோடு இறங்கி வந்தபோது அவர் அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்னால் அவளை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

சின்னவள் புது சிஸ்டம் இருக்கிற பென் டிரைவைச் சொருகிக் கதம்பத்தை உசுப்பினாள். மாப்பிள்ளையும் பேப்பரை மடித்துவிட்டு வந்து பின்னால் நின்றார். திரையில் ஏதேதோ கேட்டது, அவளும் பதில் தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் எதை அழிக்கட்டும் என்று கேட்கிற இடம் வந்தது. மௌஸ் அங்கே போய், அப்படியே நின்றது.

"ரெண்டு காட்டுது" என்றாள்.

"ரெண்டு டிஸ்க் இருந்தா ரெண்டு காட்டத்தான் செய்யும்" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுதான் காட்டணும் அத்தான். ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது, ஒரே கம்பெனி, ஒரே அளவு. திரையில பாத்து மாத்தி அழிச்சுடக் கூடாதுன்னுதான் படம் இருக்கிற டிஸ்க்கோட வயரையே கழட்டி வெச்சேன்."

மெக்கானிக்கின் கண் பெட்டிக்குள் இருந்த சிவப்பு வயருக்குப் போனது.

"எப்பவும் முதல்ல வர்றதுதான் சிஸ்டம். அதை அழி" என்றார் மாப்பிள்ளை.

"எப்பவும் இல்ல." அவள் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கழட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. இல்ல, கழட்டினதா நெனச்சுக்கிட்டேனா? தூக்கம் இல்லாம எனக்கு என்னமோ ஆயிடுச்சு போல."

"இதுக்குத்தான் கடையில குடுக்கச் சொன்னேன்" என்று மாப்பிள்ளை சிரித்தார். "கதம்பத்தைக் கட்டிடலாம்மா. பராமரிக்கிறதுக்கு ஒரு நிதானம் வேணும்."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். படங்களுக்கு இனி ஆபத்தில்லை. அவள் கம்ப்யூட்டரை அணைப்பாள், மறுபடி கழற்றுவாள், வேலை நடந்துவிடும். முப்பது வருஷத்தில், ‘தப்பு என்னுது’ என்று அவர் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை, மாப்பிள்ளையிடம் சொல்வதாவது. ஆனால் சின்னவள் தன் விரல்களை, அவை தன்னுடையவையே இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவரால் சகிக்க முடியவில்லை.

"அவ கழட்டினா மாப்பிள்ளை. மாட்டினது நான்" என்றார்.

மகள் திரும்பினாள். "நீங்களா?"

"வயர் தொங்குச்சு. நீதான் மறந்து விட்டுட்டேன்னு நெனச்சு சொருகிட்டேன். சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு."

கத்துவாள் என்று காத்திருந்தார். அவளோ நாற்காலியில் சாய்ந்து பெரிய மூச்சாக விட்டாள். "அப்ப நான் கழட்டித்தான் இருக்கேன்" என்றாள். முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. பிறகுதான், "உங்க கையைக் கட்டிப் போடணும்பா" என்று ஒரு அதட்டல் போட்டாள். அந்த அதட்டல் மெக்கானிக்குக்குப் பிடித்தே இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, அந்த வயரைப் பிடுங்கி, மறுபடி உசுப்பினாள். இப்போது திரையில் ஒன்றே ஒன்று. அதை அழித்தாள். முக்கால் மணி நேரத்தில் புது சிஸ்டம் வந்து உட்கார்ந்தது. மறுபடி அணைத்து, வயரை மாட்டிப் பார்த்தால் அறுபத்திரண்டு பூச்சிகளும் காலும் சிறகுமாக வரிசையில் இருந்தன. வரைகிற புரோகிராமையும் ஏற்றி, கம்ப்யூட்டரில் வரையும் பேனாவை எடுத்து அரைகுறையாக நின்ற வண்டுக்கு ஒரு கால் இழுத்தாள். கை போகப் போகவே கால் வந்தது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தரும் கழட்டி வெக்கிறதில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்பது வீட்டுக்கே தெரியும்.

திங்கட்கிழமை பட்டறையில் மெக்கானிக் கதையை ஆரம்பித்தார். முதலில் வந்த டிரைவரிடம் வயரைச் சொருகிய ஆளை நைசாக விட்டுவிட்டுச் சொன்னார். ரெண்டு காட்டியது, மகள் நிறுத்தினாள், அவ்வளவுதான். டிரைவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்கப் போய்விட்டான். கதை நொண்டியது மெக்கானிக்குக்கே தெரிந்தது. அவளுடைய நிதானம் அதில் வரவே இல்லை.

அடுத்து வந்தவனிடம் முதலிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். அவன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "அவ்வளவு பாத்துக் கழட்டி வெச்சதைப் போய்ச் சொருகினது எந்தப் புத்திசாலிங்க?"

"நான்தான்யா" என்றார் மெக்கானிக், பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "அப்படியும் அவ அழிக்கல பாரு."