ஆண் மீன் தொட்டி

பவுனுக்கு ராசியான கை என்று, அவர்கள் பிழைக்க வந்த மராத்தி ஊரின் கட்கி பஜார் முழுக்கப் பேச்சு. மற்றவர்கள் வளர்த்தால் பத்தில் ஐந்து பிழைக்கிற கப்பி என்ற அலங்கார மீன் குஞ்சுகள், அவளிடம் வந்தால் பத்தும் பிழைத்து வாலை விசிறிக்கொண்டு நிற்கும். ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அத்தனையும் கவனம். முந்தின நாளே பிடித்து ஆறவைத்த தண்ணீரைத்தான் தொட்டிக்கு ஊற்றுவாள், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற மாட்டாள். வெந்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, குஞ்சுகளுக்குத் துளித்துளியாக ஐந்து வேளை பிழிந்துவிடுவாள். பெற்ற மீனே குஞ்சை விழுங்கிவிடும் என்பதால் ஈன்ற அன்றே பிரித்துவிடுவாள். கணவன் துரைசாமி தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டால், மொட்டைமாடியிலிருக்கும் பதினாறு தொட்டிகளும் அவளுடைய ராஜ்ஜியம்.

போன டிசம்பரில் குளிர் கொஞ்சம் அதிகம். தொட்டிகளுக்குச் சாக்கு சுற்றியும், ஹீட்டர் போட்டும் மீன்களுக்கு நிறம் ஏறவில்லை. கப்பியில் ஆணுக்குத்தான் நிறமும் பெரிய வாலும். பெண் சாம்பலாக, சட்டிக்கரி பட்டது போல இருக்கும், கடையில் சீந்துவார் இல்லை. மாதம் இருமுறை வந்து மீன் வாங்கிப்போகிற சந்துரு, துரைசாமியின் சிநேகிதன், அப்போதுதான் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். கலர் பவுடர், தீனியில் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்றான்.

பவுன் அதை மஞ்சள் கருவோடும் உலர்ந்த இறால் தூளோடும் சேர்த்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி வெறுங்கையால் பிசைந்தாள். மூன்று வேளை, நாள் தவறாமல். மாதம் திரும்புவதற்குள் தொட்டிகள் தீபாவளிக் கடை மாதிரி ஆகிவிட்டன. எங்கே பார்த்தாலும் ஆரஞ்சும் நீலமும். கல்யாணமாகி ஐந்து வருடமாக நடக்காததும் அதே சமயத்தில்தான் நடந்தது. ஜனவரியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. இரட்டைச் சந்தோஷத்தில் அவள் இன்னும் நன்றாகப் பிசைந்தாள்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில், ஆண்களை மட்டும் பிரித்துவிட்டிருந்த தொட்டியில் ஏழு குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண் தப்பி ஒரு பெண் மீன் உள்ளே போயிருக்கும் என்று வலையால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணாடி டம்ளரில் விட்டுப் பார்த்தாள். நாற்பத்திரண்டு மீன், நாற்பத்திரண்டும் நிறத்தோடும் வாலோடும் இருந்தன. அதில் ஓர் ஆரஞ்சு வால் மீனுக்கு மட்டும் வயிற்றின் பின்பக்கம் கறுத்த புள்ளி தெரிந்தது. குட்டி போடுகிற மீனுக்கு இருக்கிற புள்ளி. வெளியே ஆண், உள்ளே தாய். டம்ளரைக் கீழே வைத்தவள் மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். இது எப்படி நடந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வாரம் சந்துரு வந்தபோது கேட்டாள். அவன் வெகு சாதாரணமாகச் சொன்னான்.

"ஆம்பளைங்களுக்குக் குடுக்கிற ஹார்மோன் மாத்திரை அண்ணி, இடிச்சது. பொட்டை மீனுக்குக் குடுத்தா அதுக்கும் ஆம்பளை மாதிரி கலர் வந்துரும். எல்லாருந்தான் பண்றாங்க."

சொல்லிக்கொண்டே வந்தவனின் கண், புடவைக்கு மேல் தெரிந்த அவள் வயிற்றில் போய் நின்றது. சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது.

"கையாலயா பிசைஞ்சீங்க?"

"பின்ன எதால பிசையறது தம்பி?"

அது தோல் வழியாக உள்ளே போய்விடுமே, கிளவுஸ் போடச் சொன்னேனே என்றான். சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கு அவன் மீன் எடுக்காமலே போனான். அதற்கப்புறம் போனையும் எடுக்கவில்லை.

பவுன் கையைக் கழுவினாள். சோப்பு போட்டு, துணி சோடா போட்டு, கல் உப்பு வைத்துத் தேய்த்து, தோல் சிவந்து எரிகிறவரை கழுவினாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்றாள். தாடையில் கொத்தாகப் பருக்கள், மேல் உதட்டில் பூனைமயிர். குளிர்காலத்தில் கட்டிய தொண்டை வெயில் வந்தும் திறக்கவில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள், சந்தேகமே இல்லை, ஆண் பிள்ளைதான் என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அதெல்லாம் மருந்தின் வேலை என்று இப்போதுதான் தெரிந்தது. அன்றுமுதல், பவுடர் பிசைந்த வலது கையால் அவள் தன் வயிற்றைத் தொடவில்லை. பிள்ளை உதைத்தால் இடது கைதான் போகும்.

துரைசாமியிடம் சொன்னபோது, அவன் சம்படத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தான். நல்லவன்தான். ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"பையனாப் பொறந்தா நல்லதுதான பவுனு?"

"பையனாப் பொறந்தா பயமே இல்லீங்க. பொண்ணா இருந்தாத்தான் பயம். அந்த மீனு ஆம்பளையாவா ஆச்சு? பொம்பளையாவும் இல்லாம, ஆம்பளையாவும் இல்லாம நிக்குது. அதை நாந்தானே இந்தக் கையால ஊட்டி ஊட்டிப் பண்ணேன்?"

அவன் மறுநாளே லீவு போட்டு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனான்.

சம்படத்தை அவள் பையில் எடுத்துக்கொண்டாள். ரிக்‌ஷாவில் போகும்போதே கேட்க வேண்டியதை இந்தியில் மனப்பாடம் செய்தாள். காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் பேசுகிற அளவுக்குத்தான் அவளுக்கு இந்தி வரும். பிள்ளை பெண்ணாக இருந்தால் இந்த மருந்து அதற்குக் கெடுதல் செய்யுமா, இவ்வளவுதான் கேள்வி. ஸ்கேன் அறைச் சுவரில் மராத்தியிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் பெரிய பலகை மாட்டியிருந்தது. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். சட்டம் நல்ல சட்டம்தான். அது வருவதற்கு முன்னால் எத்தனை பெண் குழந்தைகள் வயிற்றோடு போயின என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் போட்டவர்கள் பவுனை நினைத்துப்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜில்லென்ற பசை வயிற்றில் பட்டதும் அவள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மேடம், பச்சா... லட்கீ ஹை தோ..."

டாக்டரின் கை நின்றது. பெண்ணாக இருந்தால் என்பதற்கு மேல் கேட்க அந்த அம்மாளுக்குப் பொறுமை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் இதே வார்த்தையில் ஆரம்பிக்கிறார்களோ, பாவம். பலகையைக் காட்டினார். பெண் என்றால் என்ன செய்யப்போகிறாய், போலீஸைக் கூப்பிடவா என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் ஸ்கேனை முடித்தார். பவுன் பையைத் திறக்கப் போனாள். அவளுக்கு வார்த்தை வரவில்லை, அழுகை வந்தது. அழுகையைப் பார்த்ததும் டாக்டருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. போலீஸ் என்ற சொல் வெளியே நின்ற துரைசாமி காதில் விழ, அவன் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இனி எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்காதே என்றான். அவனுக்கும் பயம்.

துரைசாமி மறுநாள் போய் வாங்கிவந்த ரிப்போர்ட்டை, மெடிக்கல் கடையில் வேலை செய்யும் நஸ்ரின் படித்துச் சொன்னாள். தலை, இருதயம், முதுகெலும்பு, கை, கால் எல்லாம் சரி. பவுன் கேட்க வந்தது மட்டும் காகிதத்தில் இல்லை. இருக்கவும் கூடாது.

மனிதர்களிடம் கேட்க முடியாததை அவள் மீனிடம் கேட்டாள். குட்டி போட்ட அந்த ஆரஞ்சு வால் மீனைத் தனித் தொட்டியில் விட்டாள். பவுடர் கிடையாது. நல்ல தண்ணீர், நோய் அண்டாமலிருக்க நாட்டு வாதாம் இலை இரண்டு, சுத்தமான தீனி, அவ்வளவுதான். மருந்து உடம்பை விட்டுப் போகுமென்றால் நிறம் வெளுக்க வேண்டும். தினமும் விடிந்ததும் முதல் வேலையாகப் போய் நின்று, வெளுத்துப்போ, வெளுத்துப்போ என்று வேண்டினாள். மீன் வளர்க்கிறவள் எவளாவது இப்படி வேண்டுவாளா?

மீன் வெளுத்தது. மூன்றாம் வாரம் ஆரஞ்சு மங்கி, ஆறாம் வாரம் பழைய சாம்பல் நிறத்துக்கே வந்துவிட்டது. பவுனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அது அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. டம்ளரில் விட்டு அடிப்பக்கம் பார்த்தாள். பெண் மீனுக்கு வயிற்றின் கீழே விசிறி போலத் துடுப்பு இருக்கும். ஆணுக்கு அது குச்சி. நிறமெல்லாம் போன அந்த மீனின் அடியில் குச்சி அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான் இருந்தது, அடுத்த மாதமும் அப்படித்தான் இருந்தது. சில மாற்றங்கள் திரும்பும், சில திரும்பாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப்பின் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பவுடர் தின்ற மீன் ஒன்றைக்கூட விற்கவுமில்லை. எப்படிப் பிறந்தாலும் என் பிள்ளை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஊர் அந்தப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடும் என்பதும், அதைச் செய்தது தன் கை என்பதும்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

செப்டம்பரில் வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே கணபதி விழாவுக்கு டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. நர்ஸ் ஜெபமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வாய் நீளம், கை பொன். மத்தியானம் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொட்டப்புள்ள என்றாள்.

"பொண்ணுதானா அக்கா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தீங்களா?"

ஜெபமணியின் முகம் கடுத்தது.

"இருவது வருசமா பாக்கேன், எனக்குத் தெரியாதா? ஒரு கொறையும் இல்லாத பொட்டப்புள்ள. டாக்டரும் பாத்தாச்சு. ஏன், பொண்ணுன்னா கசக்கோ?"

பவுன் அழுதாள். ஐந்து மாதமாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது, நிறுத்த முடியவில்லை. பெண் பிறந்ததற்கு இப்படியா அழுவது என்று ஜெபமணி திட்டிக்கொண்டே பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனாள். பவுன் வலது கையை மெல்ல நீட்டித் துணியை விலக்கி ஒருமுறை பார்த்தாள். மூடிவிட்டு, மறுபடியும் விலக்கிப் பார்த்தாள்.

அடுத்த கட்டிலில் இருந்த பெண் தன் மாமியாரிடம், பாவம், ஆசை விடவில்லை, ஆணாக இருக்குமோ என்று இன்னும் பார்க்கிறாள் என்று மராத்தியில் சொன்னாள். பேச வராவிட்டாலும் பவுனுக்கு அது நன்றாகப் புரிந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று, அந்தக் கையாலேயே மகளை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள்.