ஞாயிற்றுக்கிழமை வெயில்

ராமமூர்த்தியின் பக்தியில் யாரும் குறை சொல்லிவிட முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

மகள் ஸ்ரீவர்ஷினிக்கு ஐந்து வயதிருக்கும். வெளியே விளையாடிவிட்டு வந்தால் கையும் முகமும் எரிகிறதென்று துடிப்பாள். உற்றுப் பார்த்தால் லேசான சிவப்பு, அவ்வளவுதான். தோல் நோய்க்குச் சூரியனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர் அவர். ரதசப்தமியன்று தலையில் எருக்க இலை வைத்துக் குளிப்பாட்டி, ஆனையூர் வீட்டு மொட்டைமாடியில் எட்டு மணி வெயிலில் அவளைக் கைகூப்பி நிற்க வைத்தார். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் அரை மணி நேரம். மூன்று வருடம்!

"எரியுதுப்பா!" என்று முதலில் கத்தினாள்.

மனைவி ஹம்சவேணி சண்டைக்கு வந்தாள். "புள்ளயப் போட்டு இம்புட்டு வதைக்கணுமா?"

"நோய் வெளியேறுது, அதான் எரியுது. அழுதா சாமி கோவிச்சுக்கும்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

சில மாதங்களில் அழுகை நின்றது. குணமாகிவிட்டதென்று மனிதர் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தார்.

விரல் முட்டிகளில் தோல் தடித்துப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று அவர் மகளோடு கோரிப்பாளையம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பொறப்புலயே வந்த கோளாறு சார். ரத்தத்துல ஒரு பொருள் அளவுக்கு மீறிச் சேருது. வெயில் பட்டா தோலுக்குள்ள தீயா எரியும், மேல பெருசா ஒண்ணும் தெரியாது. இவளுக்கு வெயிலே ஆகாது."

டாக்டரம்மா குழந்தையிடம் குனிந்தார். "எம்புட்டு வலிச்சிருக்கும்! ஏம்மா, வீட்ல சொல்லலையா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "சொன்னேன்" என்றாள், மெல்ல.

வெளியே உச்சி வெயில். ஆட்டோ சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. வாசல் நிழலில் ராமமூர்த்தி சட்டையைக் கழற்றினார். மகளை மூடித் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே சுட்டவர் வேறென்ன செய்வார்?

அவளோ, தான் டாக்டரிடம் சொல்லிவிட்டதால்தான் அப்பா அழுகிறார் என்று நினைத்துவிட்டாள். பிடிப்பதற்குள் நிழலை விட்டு இறங்கினாள்.

"அழாதீங்கப்பா. எனக்கு எரியவே இல்ல, பாருங்க" என்று வெயிலில் நின்று சிரித்துக் காட்டினாள்.