தண்ணீர்த் தொட்டி இரண்டு லிட்டர்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவள் நான். சீட்டு என் கைக்கு வந்து சேர்வதற்குள் மாத்திரை அட்டையில் கத்தரி விழுந்திருக்கும். பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிரஸ். அப்படிப்பட்டவளை ஒருத்தி மூன்று வாரமாகக் காக்க வைத்திருந்தாள். அதுவும் நான் பெற்றவள்.

இருபத்தெட்டு வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தாள். லீவு என்றாள். வரும் திங்கட்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. லீவுக்கு வந்தவள் ஏன் சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்? மாப்பிள்ளை போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டால், எடுப்பதற்கு முன் ஏன் கண்ணாடி முன்னால் போய் நின்று முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்? என்னமோ இருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் திங்கட்கிழமை அவளை அனுப்பி வைக்க என்னால் ஆகாது.

கேட்காமல் இல்லை. மூன்று தடவை சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்து, மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, "என் முகத்தைப் பாத்துச் சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். மூன்று தடவையும், "ஒண்ணுமில்லம்மா." வீட்டுக்காரரிடம் புலம்பினேன். நீ கேட்கிற வேகத்தில் எனக்கே பதில் மறந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குப் போய்விட்டார்.

வாயைத் திறப்பாள் போலத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் துணி தேய்க்கும்போதுதான். அவருடைய ஆறு யூனிஃபார்ம் சட்டை, என் மூன்று வெள்ளைக் கோட்டு, படுக்கை விரிப்புகள் என்று இரண்டரை மணி நேர வேலை அது. பாப்பா வந்து பலகையின் மறுமுனையில் நின்று, தேய்த்த சட்டைகளுக்குப் பித்தான் போடுவாள். போன ஞாயிறு அப்படி நின்றபோது, "அவர் ஒரு மாதிரிம்மா" என்றாள். நான் உடனே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவளைப் பார்த்துத் திரும்பி, "என்ன மாதிரி?" என்றேன். வாஷிங் மெஷின் நின்றுவிட்டதா என்று பார்க்கப் போனவள் திரும்பி வரவில்லை.

அன்றிரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் துணி மூட்டைதான் எங்களுக்கு நடுவில் நிற்கிறது. இரண்டரை மணி வேலையை ஒரு மணியில் முடித்துவிட்டால், நிம்மதியாக அவளை எதிரே உட்கார வைத்துப் பேசலாம். என் அவசர புத்திக்கு இதைவிட வேறு என்ன தோன்றும்?

ஆக, சனிக்கிழமை காலை, சீக்கிரம் தேய்க்கிற ஆவி இஸ்திரிப் பெட்டி வாங்க, பாப்பாவை இழுத்துக்கொண்டு வீட்டுச் சாமான் கடைக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி தனியாகக் கீழே இருக்கும், அங்கிருந்து குழாய் வழியே பெட்டிக்கு ஆவி ஏறும் என்று விற்பனையாளர் ஆரம்பித்தார். நரைத்த மீசைக்காரர், நிதானமானவர். ஐந்து பார் ஆவி அழுத்தம், ஏழு பார் ஆவி அழுத்தம், உப்புத் தண்ணீருக்கு வடிகட்டி, கையை எடுத்தால் தானே அணைவது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். எனக்குக் காலில் வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது. எது சீக்கிரம் முடிக்கும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஏழு பார் பெட்டியைக் காட்டினார்.

"பழைய பெட்டியே நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாள் பாப்பா, வாசலைப் பார்த்தபடி.

நல்லா இருப்பது உனக்கு, முதுகு ஒடிவது எனக்கு என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்தவர் கை தேய்த்துக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டேன். கூடையிலிருந்து கசங்கிய விரிப்பு ஒன்றைப் பலகையில் போட்டுவிட்டு, அவர் வேறொருவருக்கு மிக்ஸி காட்டப் போனார். பொத்தானை அழுத்தியதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பாப்பா பழக்க தோஷத்தில் மறுமுனைக்கு வந்து விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு பிடிவாதமான மடிப்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் திங்கக்கிழமை போகல."

கை நின்றிருக்கும். நின்றால் கடைக்காரர் விரிப்பு கருகிவிடுமே என்ற பயத்தில்தான் நிற்கவில்லை. பெட்டி ஓடியது. அவளும் நிறுத்தவில்லை.

"அடிக்கிறதெல்லாம் இல்லம்மா. எதிர்ல உக்கார வைப்பாரு. எங்க போன, யார்கிட்ட பேசின, ஏன் சிரிச்சன்னு கேப்பாரு. என் முகத்தைப் பாத்துச் சொல்லும்பாரு. சொன்னா, கண்ணு அசைஞ்சுது, பொய், மறுபடி சொல்லுன்னு. மணிக்கணக்கா. இப்பல்லாம் யாராவது முகத்தைப் பாத்தாலே எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அதே வார்த்தை. அதைச் சொல்லித்தான் நானும் மூன்று தடவை அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறேன்.

பெட்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அந்த ஆளைப் போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தோன்றியது. கால் பரபரத்தது. ஆனால் தலையை மட்டும் நிமிர்த்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதைப் போல ஒரு கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை. விரிப்பில் தேய்க்க இனி மடிப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. இடது கையால் ஒரு பக்கத்தைக் கசக்கிவிட்டுத் திரும்பத் தேய்த்தேன்.

"நீ போக வேணாம்" என்றேன், விரிப்பைப் பார்த்தே.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள், கல்யாணமான இரண்டாவது மாதத்திலிருந்து. நான் கசக்குவதும் தேய்ப்பதுமாக இருந்தேன். அவளுடைய விரல்கள் மட்டும் என் பார்வைக்குள் இருந்தன. போன வருஷத்தை அவள் எட்டும்போது பெட்டி கீ கீ என்று கத்தி, சிவப்பு விளக்கு எரிந்தது. பாப்பா பாதியில் நின்றுவிட்டாள்.

மீசைக்காரர் ஓடி வந்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது, இவ்வளவு நேரம் யாரும் தேய்த்துப் பார்த்ததில்லை என்று சிரித்தார். சீக்கிரம் முடிப்பது இதுதான், பேக் பண்ணிவிடவா என்று கேட்டார்.

"நடுவுல நிக்காம ரொம்ப நேரம் ஓடுறது எது?" என்றேன், தலையைத் தூக்காமல்.

"அந்தக் கடைசியில இருக்கறது மேடம். ரெண்டு லிட்டர் தொட்டி. ஆனா ஆவி கம்மி, வேலை மெதுவாத்தான் ஆகும்."

"அதையே குடுங்க. அதுக்கு முன்னாடி இதுல தண்ணி ஊத்துங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குடுவையைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். விளக்கு பச்சைக்கு மாறியது. மறுமுனையில் இருந்த விரல்கள், மடிப்பே இல்லாத அந்த விரிப்பை நன்றாகக் கசக்கி என் முன்னால் தள்ளின.