நான்கு விநாடி

பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம் சுமந்த ஈய அங்கியை விடிகாலையில் கழற்றினாள் அவள். தோளில் தோல் உரிந்திருந்தது. ஐம்பத்தேழு எக்ஸ்ரே. பாதிப் பேரை அவளும் அண்ணனும்தான் மேசைமேல் தூக்கிக் கிடத்தினார்கள். அண்ணன் கூடப் பிறந்தவர் அல்ல. அந்த எக்ஸ்ரே மையத்தின் மூத்த ஊழியர்.

வீட்டுக்குப் போக வழியில்லை. ஆறு மணிக்கு ஏ.ஐ. வகுப்பு, வராவிட்டால் வேலை போய்விடும். படம் பார்த்துச் சொல்லும் டாக்டரை முதலாளி போன மாதமே நிறுத்தியிருந்தார். மெஷின் பார்த்துக்கொள்ளுமாம். எக்ஸ்ரே அறையில் அண்ணன் மட்டும் நின்றார். மற்ற ஐந்து பேரும் திரைமுன் உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் பழைய படம். மெஷின் சொல்றத நம்பிப் பழகுங்க. வேகந்தான் முக்கியம்" என்றார் முதலாளி.

திரையில் ஒரு நெஞ்சுப் படம் வந்தது. மெஷின் 'கோளாறு இல்லை' என்றது. அவள் 'சரி' தட்டினாள்.

"நாலே விநாடி! இந்த ஊமையப் பாத்துக் கத்துக்குங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்குக் கண் சொருகியது.

மதியம் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் காலையில் அங்கே எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்ற சீட்டோடு வீடு போய், மூச்சுத் திணறிச் செத்திருந்தார். அவருடைய ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு நுழைந்தார்கள். ஒரு கம்பி அண்ணனின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. துப்புரவு அக்கா அவர்மேல் விழுந்து அடுத்த அடியை முதுகில் வாங்கினாள். முதலாளி தன் அறையைப் பூட்டிக்கொண்டார்.

அடித்து ஓய்ந்த பிறகே அவர் வெளியே வந்தார், ஒரு தாளோடு.

"படத்தத் தப்பா எடுத்தவன் இவன்தான். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

"அவரு கை ஒடஞ்சது போதாதுன்னு, எங்க கையெழுத்தும் வேணுமா?" என்றாள் அக்கா.

"போடலேன்னா நாளைக்கு யாருக்கும் வேலை இல்ல!"

"அப்ப அந்த ஈயத்த நீங்களே சுமங்க சார்."

ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. செத்தவரின் தம்பி தரையில் உட்கார்ந்து படத்தை மார்போடு அணைத்திருந்தான். அவள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காறை எலும்பில் பழைய தகடு. ஆறு திருகாணி, ஒன்று கோணல். நுரையீரல் ஓரம் மெல்லிய கறுப்புப் பட்டை, கசிந்த காற்று. முதலாண்டு மாணவிகூடக் கண்டுபிடிப்பாள். காலையில் இதே கோணல் திருகாணி அவள் திரையில் நாலு விநாடி வந்துபோனது.

அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணனுக்குப் புரிந்தது. "வேணாம்மா" என்று முனகினார்.

தம்பி கம்பியைப் பற்றி எழுந்தான். மற்றவர்கள் மெஷின்களை அணைத்துவிட்டு வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

"எதுவானாலும் சொல்லு பாப்பா. அடி விழுந்தா எல்லாருக்கும் விழட்டும்" என்றாள் அக்கா.

வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசியறியாதவள், கம்பிக்கு நேராக நின்று சொன்னாள்:

"எங்க அண்ணன் படத்த ஒழுங்காத்தான் எடுத்தாரு. பழைய படம்னு வகுப்புல எங்களுக்குக் காட்டினது உங்க அண்ணனோட படம். இங்க பாக்க டாக்டரே இல்ல. நாங்க தட்டினதுதான் சீட்டா போயிருக்கு. 'சரி'ன்னு தட்டினது நான்."