பூட்டிவைத்த நான்காம் அட்டவணை

மார்ச்சு மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, அந்த ஆய்வுக் கட்டுரை எல்லோரும் படிக்கும்படி திறந்துவிடப்பட்டது. அது பதினெட்டு நாள் தாமதம். பிப்ரவரி இருபத்து நான்காம் தேதிக்கு முன் அதைப் படித்தே தீர வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது.

அவர் ஒரு நடுத்தர மருத்துவமனையின் கருவிப் பழுதுபார்ப்பாளர். எந்தக் கருவி மக்கர் செய்தாலும் எல்லா வார்டுகளிலும் ஒரே குரல்தான் கேட்கும்: "ஸ்பேனரைக் கூப்பிடு!" எட்டு வயதில் வீட்டு வானொலியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தபோது அக்கா சூட்டிய பெயர் அது. வேலைக்கு வந்த இடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த அக்காவுக்குத் தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய். படுத்தால் மூச்சு போதாது. அதனால் கட்டிலருகே செருப்புப் பெட்டி அளவுள்ள சுவாசக் கருவி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் மூக்கின் முகமூடிக்கு வந்தது. குழாய் கழன்றால் கருவி அலற வேண்டும். அக்காவின் கணவர், தையற்காரரான மாமா, அந்த அலறலை நம்பித்தான் அடுத்த அறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

தடித்த குழாயின் கனம் முகமூடியை இழுத்து, மூக்குத் தண்டு புண்ணாகிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்பேனர் அதை மாற்றி, மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினார். பொருத்திய கையோடு, கருவியின் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கிச் சோதித்தார். கருவி வீடே அதிர அலறியது. பணிமேசையில் அவரும் அவருடைய சகாக்களும் சோதிக்கும் முறை அதுதான்: கைக்கு எட்டுவது கருவியின் பக்கம், ஆகவே பிடுங்குவதும் அந்தப் பக்கம். முகமூடியின் பக்கம் பிடுங்கிப் பார்க்க எவருக்கும் தோன்றியதில்லை.

அடுத்த ஆண்டு, பல்கலைக்கழகத்தார் நூறு வீடுகளில் இத்தகைய கருவிகளை ஆராய வந்தார்கள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். கருவிக்குள் ஒரு நினைவட்டையைச் செருகி, குழாய் கழன்றால் அக்கா எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து இரண்டையும் எடுத்துப் போனார்கள்.

"நூறு பேர்ல நானும் ஒருத்திடா. நாளைக்குப் புஸ்தகத்துல வருவேன்."

"பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா."

"பேரு எதுக்கு? மூச்சு என்னோடது தானே?"

இந்த ஜனவரியில்தான் அந்த ஆய்வின் ஒன்பது வரிச் சுருக்கம் ஸ்பேனரின் கண்ணில் பட்டது. தொண்ணூற்றேழு கருவிகள் சரியாக அலறின; மூன்று அலறவில்லை; காரணம் நான்காம் அட்டவணையில் உள்ளது. அட்டவணையைத் தேடிப் போனால் கட்டணம் கேட்டது. அவருடைய அரை மாதச் சம்பளம்! பணம் தராதவர்களுக்கு மார்ச்சு பதினான்கு முதல் இலவசம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. கட்டுரையாசிரியருக்கு எழுதிய மின்னஞ்சல், அப்படியொரு முகவரியே இல்லையென்று திரும்பி வந்தது.

"என்னடா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க?" என்றாள் அக்கா.

"மூணு பேருக்கு அடிக்கலையாம். ஏன்னு தெரியணும்க்கா."

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு! நான் கணக்குல அவ்ளோ வாங்கியிருந்தா அப்பா தெருவையே கூட்டியிருப்பாரு."

"வெளையாடாத. காசு கட்டி வாங்கிடறேன்."

"லூசு! மார்ச்ல சும்மா தரப் போறதுக்கு இப்ப யாராச்சும் காசு அழுவாங்களா? உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா. வேணும்னா இழுத்துப் பாரு, அடிக்குதான்னு."

அவர் இழுத்தார், வழக்கம்போல் கருவியின் பக்கத்தில். அது அலறிய அலறலில், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு மாமா ஓடி வந்தார்.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லங்க. உங்க மச்சான் என் உயிரைப் புடுங்கிப் பாக்கறான்."

மூவரும் சிரித்தார்கள். அவர் பணம் கட்டவில்லை.

பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி மதியம் அக்கா சற்றுக் கண்ணயர்ந்தாள். மாமா தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு எழுப்பப் போனபோது, குழாய் முகமூடியிலிருந்து கழன்று தலையணை மேல் கிடந்தது. கருவி காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. அக்காவின் கை குளிர்ந்திருந்தது.

"சத்தமே வரலடா," என்றார் மாமா. "நடுவுல தையல நிறுத்திட்டுக்கூடக் கேட்டேன்டா. ஊதற சத்தம் வந்துது. நல்லாத் தூங்கறாள்னு நெனச்சேன்."

ஸ்பேனர் தாம் பொருத்திய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளைக் கொன்றதா, இல்லையா? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவர் பதினெட்டு நாள் உண்டார், உறங்கினார், வேலைக்குப் போனார்.

பதினான்காம் தேதி நான்காம் அட்டவணை திறந்தது. அதில் மூன்றே வரிகள். மூவருக்கும் மெல்லிய குழாய். மூவருக்கும் அது முகமூடியின் பக்கம் கழன்றிருக்கிறது. குறுகலான குழாய்க்குள் காற்று நெருக்கிக்கொண்டு போவதால், நெஞ்சுக்குள்தான் ஊதுகிறோம் என்று கருவி ஏமாந்துவிடுகிறது. காற்றழுத்தம் எதற்குக் கீழே போனால் கருவி அலற வேண்டும் என்ற எல்லையை இரண்டு புள்ளி உயர்த்தினால் போதும்; சோதிக்கும்போது முகமூடியின் பக்கமே கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு புள்ளி என்பது ஒரு திருகைச் சற்றே திருப்பும் வேலை.

இரண்டாம் வரியில் அவர் கண் நின்றது. பெண், வயது முப்பத்தொன்பது, எடை முப்பத்தாறு கிலோ, பிற்பகலில் நான்கு நிமிடம் குழாய் கழன்று கிடந்தது, கருவி ஒலிக்கவில்லை, உறவினர் ஒருவர் தற்செயலாகக் கண்டு மாட்டினார்.

அந்த உறவினர் அவரேதான். ஆய்வு நடந்த நாட்களில் மின்விசிறியைச் சரிசெய்ய வந்த அன்று, மூக்கைச் சொறியக் கழற்றியிருப்பாள் என்றெண்ணி, அவர்தாம் குழாயை மாட்டிவிட்டார். கிணற்றில் மூழ்குவதுபோல் கனவு கண்டதாக அக்கா சொன்னாள்; அவர் கேலி செய்தார். அவளுடைய மரணம் ஒருமுறை ஒத்திகை பார்க்கப்பட்டு, எண்களாகி, அச்சேறி, ஓராண்டு பூட்டப்பட்டுக் கிடந்திருக்கிறது.

கட்டுரையாசிரியை வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். அவருடைய எண்ணைக் கண்டுபிடிக்க ஸ்பேனருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"நாலாவது அட்டவணையில ரெண்டாவது வரி என் அக்காம்மா. போயிட்டாங்க."

கட்டுரையாசிரியை மெதுவாகச் சொன்னார்: "பேரு எங்களுக்குத் தெரியாதுங்க. வெறும் எண்தான் வரும்."

"நூறு வீட்டுக்கும் ஆளுக்கொரு காகிதம் அனுப்பியிருக்கலாமேம்மா?"

"கட்டுரையில தெளிவா எழுதியிருந்தோமே..."

"எழுதுனீங்க. பூட்டி வெச்சீங்க."

"பூட்டு பத்திரிகையோடதுங்க," என்றார் அவர். "ஆனா பொய் சொல்ல மாட்டேன். எங்க வரைவை நாங்களே இலவசமாப் போட்டுக்கலாம்னு அவங்க அனுமதி குடுத்திருந்தாங்க. பத்து நிமிஷ வேலை. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு விட்டுட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் ஸ்பேனர் அழைத்திருந்தார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. தாமும் மார்ச்சு வரை பொறுக்கலாம் என்று இருந்தவர்தாமே! "வெச்சிடறேம்மா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள், மருத்துவமனை வீடுகளுக்குக் கொடுத்திருந்த பதினொரு கருவிகளையும் தேடிப் போய், ஒவ்வொன்றையும் முகமூடியின் பக்கம் கழற்றிப் பார்த்தார். நான்கு வாய் திறக்கவில்லை. நான்கின் திருகுகளையும் திருப்பினார். "எதுக்குங்க திடீர்னு வந்து பாக்கறீங்க?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அவர் குழாயை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

இதைப் படிக்கின்ற நீங்கள், நோயாளியின் மூச்சையோ இரத்தத்தையோ உறக்கத்தையோ வாங்கி ஆய்வு எழுதியவராயின், உங்கள் வரைவு இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போங்கள். அதை இன்றே, எல்லோரும் படிக்கும்படி, திறந்து வையுங்கள்.