நரியை வீட்டுக்கு அழைத்தவள்

எங்கள் குடும்பம் நரி வளர்க்கிற குடும்பமாம். யார் கண்ணிலும் படாத நரியாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் பின்னாலேயே புகுந்த வீட்டுக்கும் போய்விடுமாம். அப்புறம் அந்த வீட்டுப் பெண்களையும் எவனும் கட்டமாட்டான். எந்தக் காலத்திலோ எவனோ கட்டிவிட்ட கதை. எங்கள் ஷிஞ்ஜி ஏரிக்கரைக்கு மின்சாரம் வந்தது, ரேடியோ வந்தது, போரில் தோற்ற பிறகு பேரரசரே, தான் கடவுள் இல்லை என்று சொல்லியாயிற்று. இந்த நரி மட்டும் போய்த் தொலையவில்லை.

யசுஜி இதையெல்லாம் மதிக்காமல், கட்டினால் என் தங்கை மிட்சுயோவைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவன் அம்மா தொமியும் அரை மனதாகச் சம்மதித்தாள். அறுவடை முடிந்ததும் கல்யாணம். என் தங்கை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குள் தொமி காய்ச்சலில் விழுந்தாள். டாக்டர் ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கியும் அவள் சோறு தண்ணீர் தொடவில்லை. மிட்சுயோ வீட்டு நரி வயிற்றைக் கவ்வுகிறது என்று ஒரே புலம்பல்.

யசுஜி எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், ஒரு தடவ வந்து உங்க நரியக் கூப்பிட்டுட்டுப் போங்க. அதுக்குப் பிடிச்ச பொரிச்ச டோஃபு வச்சு, வீட்டுக்கு வான்னு கூப்பிட்டாப் போதுமாம். இல்லேன்னா அம்மா செத்துருவாங்க."

"அறிவிருக்காடா உனக்கு? இல்லாத நரிய எங்கேருந்துடா கூப்பிடுறது? கூப்பிட்டா எங்க நரிதான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"தெரியுது மச்சான். வேற வழி தெரியல."

அதற்குள் அடுப்படியில் எண்ணெய் வாசனை. மிட்சுயோ டோஃபு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போகக்கூடாது" என்றேன்.

"போகலன்னா அத்தை செத்துருவாங்கண்ணா. நரி கொன்னுச்சும்பாங்க. போனாலும் கல்யாணம் போச்சு, போகலன்னாலும் போச்சு. அவங்க உசிராவது மிஞ்சட்டும்."

நானும் கூடப் போனேன்.

வேலிக்கு வெளியே ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மிட்சுயோ கிண்ணத்தை யசுஜி வீட்டு வாசற்படியில் வைத்தாள். "வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றாள். உள்ளே தொமி, "போயிருச்சு, போயிருச்சு!" என்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். யசுஜி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் கல்யாணமாகாத தங்கைகள் இருந்தார்கள்.

திரும்பும்போது கூட்டம் விலகி வழி விட்டது. நாங்கள் கடந்த பிறகும் அந்த வழி மூடவில்லை. பின்னால் வருகிற நரிக்காக ஒதுங்கியே நின்றார்கள், பாவிகள்.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தப் போனேன். மிட்சுயோ என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுண்ணா. அது உள்ள வரட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவையே உடைத்திருப்பேன். திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.