பெயர் தெரியாத தச்சர்

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் தலைமுழுகிய ஒரு மெஷின், இப்போது என் மச்சான் வீட்டு முன் அறையில் நீல வெல்வெட் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது.

பட்டை ரம்ப மெஷின். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த இரும்புப் பட்டை. நடுவில் உள்ள மேசையில் மரத்தை வைத்துத் தள்ளினால் வளைவு வளைவாக அறுத்துத் தரும். எனக்குப் பதினேழு வருடம் அறுத்துத் தந்தது. கடைசியில் என் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து அறுத்தது. கட்டுப் போட்ட கையோடு போய் பழைய இரும்புக்கடைக்காரனைக் கூட்டிவந்து, எடைகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டேன். அன்று போட்டிருந்த ஏப்ரனும் அதன் மேலேயே கிடந்தது. அதுவும் ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது எங்கெங்கோ கைமாறி, இரண்டு வருடத்துக்கு முன்னால் மச்சானிடம் வந்து சேர்ந்தது. விற்றவன் அவரிடம் என்ன அளந்தான் தெரியுமா? நூறு வருடத்துக்கு முந்தைய மெஷினாம், கப்பல் கட்டும் பட்டறையில் இருந்ததாம். மச்சான் அப்படியே நம்பினார். அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டபோது, மேசை மூலையில் நான் வைத்த வெல்டிங் தழும்பைப் பார்த்ததுமே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. அவர் முகம் வாடிவிடுமே என்ற நல்ல எண்ணம் பாதி. சொல்லாமல் வைத்திருந்து ரசிக்கலாம் என்ற கெட்ட எண்ணம் பாதி.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் மற்றவர்களின் விபத்துகளைப் படித்துப் படித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய மரவேலை மெஷின்கள் மேல் பித்துப் பிடித்தது. பதினான்கு மெஷின் வைத்திருக்கிறார். இழைப்பது, துளை போடுவது, கடைவது, தேய்ப்பது என்று எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் ஆணி ஆணியாகக் கழற்றி, துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார். சுவர் முழுக்கப் பழைய விலைப்பட்டியல்கள், தகர விளம்பரப் பலகைகள், எண்ணெய்க் குடுவைகள். நடுநாயகமாகக் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் ஏப்ரன். கீழே அச்சடித்த சீட்டு: ‘பெயர் தெரியாத தச்சர் ஒருவர் அணிந்தது. வார்னிஷ் கறையைக் காண்க.’ அது வார்னிஷ் இல்லை, என் ரத்தம்.

இத்தனை மெஷின் இருந்தும் அந்த வீட்டுக்குள் இதுவரை ஒரு குச்சிகூட அறுபட்டதில்லை. மரத்தூள் பட்டால் பெயின்ட் மங்கிவிடுமாம். போதாததற்கு மச்சானுக்கு மரத்தூள் வாசம் பட்டாலே தும்மல். என் பட்டறைக்கு அவர் மொத்தம் இரண்டு தடவை வந்திருப்பார். இரண்டு தடவையும் வாசலிலேயே நின்று தும்மிவிட்டுப் போய்விட்டார்.

நான் உண்டு, என் வேலை உண்டு என்று இருந்திருப்பேன். போன வாரம் என் புது மெஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. மாற்று மோட்டார் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நூலகத்தின் படிப்பறைக்குப் பன்னிரண்டு நாற்காலி வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். இருக்கை, முன்கால், சட்டம் எல்லாம் தயார். வளைந்த பின்கால் இருபத்துநான்குதான் பாக்கி. நாற்காலி நாள் தவறாமல் வந்தால் அலமாரி, மேசை எல்லாம் எனக்கே, தவறினால் வேறு ஆள் என்று நூலக அதிகாரி அம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அது இரண்டு வருட வேலை.

மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், அந்த மெஷினை ரெண்டு மணி நேரம் குடுங்க. இங்கயே வெச்சு அறுத்துட்டுப் போயிடறேன்."

"எதை அறுக்கப் போறீங்க?"

"மரத்தைத்தான்."

நான் ஏதோ அவர் வீட்டுப் பசுவை வெட்டக் கேட்டதுபோல் பார்த்தார். "மாப்பிள்ளை, அது நூறு வருஷத்துப் பொருள். அதைப் போய் வேலை வாங்கச் சொல்றீங்களே!"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "இருந்தப்ப தூக்கிப் போட்டீங்க. இப்ப எங்க அண்ணனைத் திட்டி என்ன ஆகப்போகுது?" என்றாள். அது என் மெஷின் என்று அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். தப்புதான்.

வெள்ளிக்கிழமை மச்சானே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"ஞாயித்துக்கிழமை நம்ம பழைய மெஷின் சங்கத்துக்காரங்க வர்றாங்க, மாப்பிள்ளை. நூறு வருஷத்துப் பொருள்தான்னு சர்ட்டிபிகேட் குடுக்கறதுன்னா மெஷின் ஓடணுமாம். அவங்க முன்னாடி மரம் அறுத்துக் காட்டணுமாம். இப்படி ஒரு விதி இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லல."

"அறுத்துக் காட்டுங்களேன்."

"எனக்கு எங்க அறுக்கத் தெரியும்?"

"சரி, நான் வர்றேன். மரமும் நானே கொண்டு வர்றேன்" என்றேன்.

"ஒரு துண்டு போதும்" என்றார். பிடி கொடுக்காமல் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோடு வரைந்த இருபத்துநான்கு பலகைகளோடு வண்டியில் போய் இறங்கினேன். மச்சான் குளிக்கப் போயிருந்தார். வெல்வெட்டை விலக்கிப் பார்த்தேன். மெஷின் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கிட்டப் போய் பிளேடைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பற்கள் மேல்நோக்கி இருந்தன.

ரம்பப் பல் கீழ்நோக்கித்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் மரத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு அறுக்கும். மேல்நோக்கி இருந்தால் பல்லின் முதுகு மரத்தைத் தேய்த்துப் புகைய வைக்குமே தவிர அறுக்காது. பட்டையை உட்புறம் வெளிப்புறமாக மாற்றி மாட்டியிருக்கிறார் மனிதர். இரண்டு வருடமாகத் தினமும் பத்து விநாடி வெறுமனே ஓட்டி, அந்த ரீங்காரத்தைக் கேட்டு மெய்மறந்திருக்கிறார். சங்கத்துக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலும் சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர்.

அப்படியே விட்டிருந்தால் மச்சான் மானம் கப்பலேறியிருக்கும். ஆனால் மரத்தைத் தள்ளப் போவது நான். அறுபடாமல் கிடக்கப் போவதும் என் நாற்காலிக் கால்கள். பிளேடை மாற்ற, சக்கரங்களை மூடியிருக்கும் இரண்டு கதவுகளையும் திறந்தேன்.

மேல் கதவின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விடப்பட்டிருந்தது. பழைய சாம்பல் நிறம். அதன் மேல் சின்னக் கண்ணாடித் துண்டு வைத்துத் திருகாணி போட்டிருந்தது. கண்ணாடிக்குள் பென்சில் எழுத்து: 3 – 100. கீழே 6.40. பக்கத்தில் சீட்டு: ‘பிளேடு இறுக்கமும் வேக அளவும். பெயர் தெரியாத தச்சரின் கைக்குறிப்பு.’

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அந்த மூன்றுக்கு வால் நீட்டுவது என் பழக்கம். எது இறுக்கம், எது வேகம்? இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. ஒரு பீரோவை முடித்துக் கொடுக்க ராத்திரி முழுக்கப் பட்டறையிலேயே இருந்தேன். விடிந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காகிதம் கைக்கு அகப்படவில்லை. திறந்திருந்த கதவில், காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதினேன். மூன்று கிலோ நூறு கிராம். ஆறு நாற்பது. என் மகள். பீரோவை அனுப்பிவிட்டு மத்தியானம்தான் போய்ப் பார்த்தேன்.

இதை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது. பிளேடைத் திருப்பி மாட்டிக் கதவை மூடினேன்.

"என்ன மாப்பிள்ளை, எதையோ கழட்டின மாதிரி இருந்துச்சே?" என்று மச்சான் ஈரத் தலையோடு ஓடி வந்தார்.

"சும்மா எண்ணெய் பார்த்தேன் மச்சான்."

பத்து மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். பல் டாக்டர் குனிந்து பிளேடைப் பார்த்தார். "பல் வரிசை பிரமாதம். போன தடவை பார்த்தப்பவும் இதே நேர்த்திதான்" என்றார். மச்சான் கூச்சத்தில் நெளிந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முதல் பின்காலை அறுத்தேன். கை தட்டினார்கள். மச்சான் தும்மினார். "போதும் மாப்பிள்ளை" என்று கண்ணைக் காட்டினார். "இது நூறு வருஷத்து மெஷின் சார், சூடேறினாத்தான் முழு அழகும் தெரியும்" என்று டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். இரண்டாவதையும் அறுத்தேன். ஐந்தாவது வரை கைதட்டல் இருந்தது. பத்தாவதில் அவர்கள் காப்பிக்குப் போனார்கள். பதினைந்தாவதில் திரும்பி வந்து, இவன் நிறுத்தவே மாட்டானா என்பதுபோல் பார்த்தார்கள். மச்சான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலுக்கும் ஒரு தும்மல் வீதம் கணக்காகத் தும்மினார். அந்தக் கிழட்டுப் பிசாசு மட்டும் வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டிக்கொண்டே இருந்தது. விரல் போன பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் மரம் அறுத்ததில்லை.

இருபத்துநான்கும் முடிந்தது. மச்சான் மேல் கதவைத் திறந்து பென்சில் எழுத்தைக் காட்டினார். இறுக்கம், வேகம், கப்பல் பட்டறை என்று முகம் மாறாமல் விளக்கினார். "இதுதான்யா ஆதாரம்!" என்று டாக்டர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போன பிறகு விளக்குமாற்றால் தூளைக் கூட்டினேன். மச்சான் சர்ட்டிபிகேட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அடக்க முடியவில்லை.

"மச்சான், அந்தக் கைக்குறிப்பு இருக்குல்ல? அது பிளேடு அளவு இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து போன் பண்ணினது நான்தானே. பொண்ணு, மூணு கிலோ நூறு, ஆறு நாப்பதுக்குப் பொறந்துச்சுன்னு சொன்னேன். இருங்க எழுதிக்கறேன்னீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "துரு தேய்ச்சுக்கிட்டே வந்தேன். அந்த இடத்துல கை நின்னுடுச்சு. அதுவரைக்கும் நானும் கப்பல் பட்டறைன்னுதான் நம்பினேன்."

விளக்குமாறு கையிலேயே நின்றது. இத்தனை நாள் இவரை வைத்து நான் ரசித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சப்புறமும் எதுக்கு பெயர் தெரியாத தச்சர்னு போட்டீங்க? கப்பல் கதை கெட்டுடும்னா?"

"கப்பல் கதை சங்கத்துக்கு. சீட்டு அதுக்காகப் போடல." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொண்ணு பொறந்த நேரத்தை எழுதி வெச்ச மெஷினை ஒரு ஆளு எடைகூடப் பார்க்காம தள்ளிவிட்டிருக்காரு. அவரு நம்ம வீட்டு ஆளுன்னு எழுத எனக்கு மனசு வரல, மாப்பிள்ளை. நமக்குத் தெரியாதவராவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இரண்டு வருடமாகப் பிளேடைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தீர்களே என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கால்களை எண்ணி வண்டியில் ஏற்றினேன். கடைசிக் கட்டை எடுக்க உள்ளே வந்தபோது மேல் கதவு இன்னும் திறந்தே இருந்தது. கண்ணாடி மேல் தூள் படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். பென்சில் காதில்தான் இருந்தது. சீட்டில் என் பெயரை எழுத ஒரு விநாடி போதும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வெல்வெட்டை இழுத்துப் போர்த்தினேன்.